முதல் ஓவருக்குள்

ஈரத்தோடு மடித்து வைத்தால் எந்தத் தார்ப்பாயும் ஒரே மழைக்காலத்தில் கெட்டுப்போகும், ஐயா. எத்தனை முறை சொன்னாலும் இது ஜனங்களுக்கு ஏறுவதில்லை. ஆட்டம் தொடங்கும் அவசரத்தில் இழுத்துச் சுருட்டி ஷெட்டுக்குள் தள்ளிவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை விரித்தால் பூஞ்சை நாற்றம் குடலைப் புரட்டும், தையல் இற்றுப்போயிருக்கும். உடனே என் கடை வாசலில் வந்து நின்றுகொண்டு, "நீங்கதானே தைச்சீங்க, அதுக்குள்ள பிரிஞ்சிருச்சே" என்பார்கள். நீங்களும் அந்தத் தையலைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவன். பஸ் டிப்போவுக்குப் பின்னால் கடை. நீளமான ஒரு அறை, நடுவில் மெஷின், சுவரெல்லாம் நூல்கண்டு. எங்கள் கிரிக்கெட் கிளப்பின் பிட்ச்சை மூடுகிற தார்ப்பாயையும் நான்தான் தைத்துக் கொடுத்தேன். வெயில் காலத்தில் மைதானத்தைக் கால்பந்துக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு மிச்சம் கிடைப்பது மழைக்காலத்துச் சனி ஞாயிறுதான். பாதி நாள் ஷெட்டுக்குள் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்போம். தூறல் விட்டதும் தார்ப்பாயை இழுத்துவிட்டு ஆடுவோம். ஆடுவோம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவர்கள் ஆடுவார்கள்.

என்னைக் கிளப்பில் 'பன்னண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டாவது ஆள். பதினொரு பேர் ஆடும்போது பவுண்டரிக்கு வெளியே நின்று தண்ணீர் பாட்டிலும் துண்டும் கொண்டு ஓடுகிறவன். ஆடப் போகிறவர்கள் தங்கள் வாட்ச், செல்போன், வண்டிச் சாவி எல்லாவற்றையும் என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். என் பேண்ட் பாக்கெட் இரண்டும் எப்போதும் புடைத்துக்கொண்டிருக்கும். அவ்வளவு நம்பிக்கை. சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவனைச் சேர்த்துக்கொள்வார்கள் இல்லையா, அதைத்தான் பெரியவர்கள் மரியாதையாகச் செய்தார்கள்.

கேப்டன் என் தங்கையின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நல்ல மனிதர். இதை நான் உங்களுக்காகச் சொல்லவில்லை. யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். கியர் போடத் தெரியாமல் வண்டியை மதில்மேல் ஏற்றியவர்களிடம்கூட, "பரவால்ல, மதிலைத் தாண்டலையே" என்று சிரிப்பார். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்ததும் என் தோளில் கைபோட்டு, "மச்சான், அடுத்த வாரம் கண்டிப்பா நீ ஆடுற" என்பார். சொல்லும்போது அவருக்கே அது நிஜமாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் அடுத்த வாரம் வந்ததும் அதற்கு அடுத்த வாரம் வந்துவிடும். அவர் எனக்குத் தண்ணி காட்டிக்கொண்டே இருந்தார், நான் அவர்களுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டே இருந்தேன்.

அவருக்கும் உள்ளூர உறுத்தியிருக்க வேண்டும். மற்ற கிளப்புகளிடம் பேசி ஒரு விதி கொண்டுவந்தார். பன்னிரண்டாவது ஆள் பீல்டிங் மட்டும்தான் செய்யலாம், மட்டை பிடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. மாப்பிள்ளை அதில் ஒரு சலுகை வாங்கினார். மழைக்காலத்தில் பிட்ச் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முதல் ஓவர் முடிவதற்குள் ஒருவருக்கு அடிபட்டு வெளியேறினால், எதிரணிக் கேப்டன் சம்மதித்தால், பன்னிரண்டாவது ஆள் அவருடைய இடத்தில் முழு ஆட்டமும் ஆடலாம், மட்டையும் பிடிக்கலாம். "உனக்காகத்தான் மச்சான் இந்த ரூல்" என்றார். எனக்காகவே ஒரு விதி. அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் தடவை நடந்ததில் என் கை எதுவும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஈரத்தோடு மடித்ததால் தார்ப்பாயின் ஒரு தையல் தானாகவே விட்டிருந்தது. முந்தின நாள் மழையில் அந்த இடைவெளி வழியாகச் சொட்டியிருக்கிறது. பிட்ச் முழுக்கக் கட்டாந்தரை, அந்த ஓரிடம் மட்டும் மாவு பிசைந்த மாதிரி. பந்து அங்கே குத்தி நின்று, நின்ற வேகத்தில் எழும்பி, போட்டோ ஸ்டூடியோக்காரரின் விரலை உடைத்தது. முதல் ஓவரிலேயே. எதிரணிக் கேப்டன் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். நான் ஆடினேன்.

எத்தனை ரன் என்பது முக்கியமில்லை. ஒரு பந்தை மட்டும் சொல்கிறேன். ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது, முன்காலை வைத்து அடித்தேன். மட்டையில் பட்டதே தெரியவில்லை. புல்லில் தண்ணீரைத் தெறித்துக்கொண்டு அது போய்க்கொண்டே இருந்தது. ஷெட்டிலிருந்து எல்லோரும் கைதட்டினார்கள். என் தங்கையும் அன்றைக்கு வந்திருந்தாள், எழுந்து நின்று தட்டினாள். வீட்டுக்குப் போகும்போது ஸ்டூடியோக்காரரின் விரலைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

கிழிசலைத் தைக்கச் சொல்லித் தார்ப்பாயை என் கடைக்கே அனுப்பினார்கள். தைத்தேன். இறுக்கித் தைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது தடவை பந்து எழும்பி இன்னொருவர் விலாவில் பட்டது. ஆனால் முதல் ஓவர் முடிந்தபிறகு பட்டது. விதிப்படி அது எதற்கும் உதவாது. ஒரு மனிதர் மாதக்கணக்காக மூச்சிழுத்துவிட வலிக்கிறது என்றார், எனக்கு அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. அரைகுறையாக எதையும் செய்யக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. தொழிலிலும் நான் அப்படித்தான்.

மூன்றாவது தடவை, தார்ப்பாய் மறுபடி தைக்க வந்திருந்தபோது, வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையிலேயே உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில், ஊசி முனையால் நூலைப் பிரித்தேன். ஒரு சாண் அளவுக்கு. தார்ப்பாயின் நான்கு மூலையும் ஒவ்வொரு வாரமும் அதே முளைகளில்தான் கட்டப்படும் என்பதால் அந்த இடைவெளி பிட்ச்சில் எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் மைதானத்தின் மறுபக்கம் சேறு, வேகமாகப் பந்து வீசுகிறவர் ஓடிவர முடியாது. அதனால் முதல் ஓவர் எப்போதும் ஷெட் பக்கத்திலிருந்துதான். ஞாயிறு காலையில் தார்ப்பாயை எடுத்ததும், ஷெட்டில் வைத்திருந்த காய்ந்த மண்ணை அந்த இடத்தில் தூவிக் காலால் தேய்த்துவிட்டேன். மேலே பார்த்தால் மற்ற இடத்தைப் போலவே வெளுப்பாக இருக்கும். அம்பயராக நின்ற பல் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "அருமையா காய வச்சிருக்கீங்க பன்னண்டு" என்று பாராட்டினார்.

டாஸில் நாங்கள் ஜெயித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் காலையில் கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஈரப் பிட்ச்சில் ஜெயித்தவர் பந்து வீசத்தான் எடுப்பார். அப்படியானால் எதிரணியில் யாருக்காவது பட்டிருக்கும். அது வீண்தான். ஆனால் நாங்கள் தோற்றோம்.

யாருக்குப் படும் என்று தெரியாமல் செய்தேனா என்றும் கேட்டீர்கள். தெரியும். விரல் உடைந்த பிறகு ஸ்டூடியோக்காரர் முதலில் இறங்கப் பயந்தார். மாப்பிள்ளைதான், "பிட்ச் என்னமோ சரியில்ல. மத்தவன் ஏன் அடி வாங்கணும், முதல் ஓவரை நானே பாத்துக்குறேன்" என்று சொல்லியிருந்தார். சொன்ன சொல் மாறாதவர், என் விஷயத்தைத் தவிர.

அந்த ஞாயிறு காலை தார்ப்பாயை நானும் அவரும்தான் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்தோம். அப்போது அவர் சொன்னார். "மச்சான், தோள்பட்டை வலி தாங்கல. அடுத்த வாரம் நான் ஒதுங்கிக்கிறேன். என் இடத்துல நீ இறங்கு."

"சரி மாப்ள" என்றேன்.

"நிஜமாத்தான் சொல்றேன். உன் தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன்."

நீங்களே சொல்லுங்கள், அடுத்த வாரம் என்ற சொல்லை நான் எத்தனை முறை கேட்டவன்? மண்ணைத் தூவாமல் விட்டிருக்கலாம். டாக்டரிடம் ஈரத்தைக் காட்டியிருக்கலாம். ஆனால் கையில் மண் இருந்தது, இந்த வாரம் என்பது கண்ணுக்கு எதிரே இருந்தது.

அவர் வாட்சையும் கார்ச் சாவியையும் என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். நான் ஷெட்டுக்குள் போய்ப் பேடு கட்டிக்கொண்டேன். இதைத்தான் நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். பந்தே வீசாதபோது பன்னண்டு ஏன் இரண்டு காலிலும் பேடு கட்டிக்கொண்டு நின்றான்? பிறகு கட்டிக்கொண்டிருந்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டியிருக்கும். அடுத்தவர் நேரத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

எதிரணியில் வேகமாக வீசுகிறவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். முதல் பந்து விலகிப் போனது. இரண்டாவது அந்த இடத்தில் விழுந்தது. மாப்பிள்ளை முன்னால் சாய்ந்திருந்தார், நெஞ்சில் பட்டது. பெரிய சத்தம்கூட இல்லை. தலையணையைத் தட்டுகிற மாதிரிதான் இருந்தது. அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்தார். ரொட்டிக்கடைக்காரர் பதறி ஓடிவர, "பரவால்ல, பரவால்ல" என்று கையைக் காட்டினார். நான் பாட்டிலோடு பாதி தூரம் வந்திருந்தேன். அவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் எனக்கு வந்தது ஏமாற்றம். உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

பிறகு அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பக்கவாட்டில் சாய்ந்தார்.

பல் டாக்டர் ஓடிவந்து சட்டையைக் கிழித்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் எதிரணிக் கேப்டனைத் தேடிப் போனேன். "சார், ஓவர் இன்னும் முடியல. நீங்க சம்மதிச்சா நான் இறங்கலாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கால்களைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. மறுக்கவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

டாக்டர் கத்தினார். "காரை எடுங்க! சாவி யார்கிட்ட இருக்கு?"

மைதானத்து வாசலில் நின்றது ஒரே கார்தான், மாப்பிள்ளையின் டிரைவிங் ஸ்கூல் கார். மற்றவர்கள் எல்லாம் பைக்கில் வருகிறவர்கள். சாவி என் பாக்கெட்டில் இருந்தது. பேடின் மேல்பட்டை தொடையில் அதை அழுத்திக்கொண்டிருந்ததால் அது இருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கார் போனால் ஆட்டம் நின்றுவிடும், சம்மதம் வாய் வார்த்தையாக வருவதற்குள் எல்லோரும் கலைந்துவிடுவார்கள் என்று தோன்றியது. "சொல்லுங்க சார்" என்று எதிரணிக் கேப்டனிடம் மறுபடி கேட்டேன். டாக்டர் மறுபடி சாவி என்று கத்தினார். யாரோ மாப்பிள்ளையின் பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார்கள். ஷெட்டுக்குள் ஓடினார்கள். தூறல் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஸ்டூடியோக்காரருக்குத்தான் ஞாபகம் வந்தது. ஓடிவந்து என் பாக்கெட்டில் அவரே கையை விட்டு எடுத்துக்கொண்டார். அந்த வளைந்த விரலோடு.

போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்கள்.

நானும் பின்னாலேயே ஒருவருடைய பைக்கில் போயிருந்தேன். யாரோ போன் செய்திருக்கிறார்கள், தங்கை அதற்குள் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். சின்ன வயதிலிருந்தே அழுகை வந்தால் என் தோளில்தான் சாய்வாள். அன்றைக்கு ஓரடி தள்ளியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, நீ ஏன் பேடு கட்டிட்டு வந்திருக்க?"

கழற்ற நேரமில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. பேசுவாள், கொஞ்சம் நாளாகும்.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஐயா. ஒரு விரல், அதிகமாகப் போனால் ஒரு விலா எலும்பு. ஆனால் தையலைப் பிரித்தது நான். மண் தூவியது நான். சாவி கேட்கும்போது சாவியோடு நின்றதும் நான்தான். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை. ரொட்டிக்கடைக்காரர் கடையைத் திறக்காமல் அழுதுகொண்டிருக்கிறார் என்றார்கள், அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு ஒரே ஒரு சின்ன விஷயம்தான் பாக்கி. அன்றைக்கு அந்த ஆட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். கைவிட்ட ஆட்டத்தை மறுபடி ஆடியே ஆக வேண்டும், அதே ஆட்கள்தான் ஆட வேண்டும் என்பது எங்கள் விதி. ஓவர் முடியவில்லை, எதிரணிக் கேப்டன் மறுக்கவும் இல்லை. ஆக மாப்பிள்ளையின் இடத்தில் நான்தான். தேதி குறித்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் தடயமாக எடுத்து வைத்திருக்கிற அந்தத் தார்ப்பாயையும் அதற்குமுன் ஒரு நாள் தந்தால் நல்லது. இந்தத் தடவை இரட்டை நூல் போட்டு இறுக்கித் தைக்க வேண்டும். முதல் பந்தை ஆடப் போவது நான்.