குளித்துவிட்டுக் கிளம்பியவர்

வேலை தேடி போர்டிக்சனிலிருந்து சிரம்பான் பஸ் ஏறினேன். முன் சீட்டில் ரப்பர் தோட்டத்து அம்மாக்கள் இரண்டு பேர். ஒருவர் பட்டுச்சேலை கட்டியிருந்தார். தைல வாசம் என் வரைக்கும் வந்தது.

“நம்ம ஆளுங்க குளிக்கிறதைப் பத்தி என் மக ஆராய்ச்சி பண்றாக்கா” என்றார் பட்டுச்சேலை.

“எமர்ஜென்சி டாக்டருக்கு அது எதுக்கு லா, செல்வி?”

“நெஞ்சு வலின்னா நாம உடனே ஆஸ்பத்திரிக்குப் போறதில்லையாம். தைலம் தேய்ச்சு, குளிச்சு, நல்ல துணி மாத்திக்கிட்டுப் போறதுக்குள்ள உயிருக்கே ஆபத்தாயிடுதாம். அதை எழுதினதுக்குத்தான் ஜப்பானுக்கெல்லாம் கூப்பிட்டுப் பேச வைக்கிறாங்க.”

“அதுக்காக அழுக்குத் துணியோடயா போறது?”

“நானும் அதையேதான் கேட்டேன். திட்டுறா.”

“சரி, பட்டு கட்டிக்கிட்டு எங்க, கல்யாணத்துக்கா?”

“மக ஆஸ்பத்திரிக்குத்தான். காலையிலேர்ந்து நெஞ்சை அடைக்குது.”

அக்கா துள்ளி எழுந்தார். “டிரைவர் தம்பி! எங்கயும் நிறுத்தாதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க!”

தம்பி விட்டார். நான் இறங்க வேண்டிய இடமும் தாண்டிப் போனது, யாரும் முணுமுணுக்கவில்லை.

எமர்ஜென்சி வாசலில் சக்கர நாற்காலி வந்தது. அதில் உட்கார்ந்ததும் செல்வி, கூட வந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மக கேட்டா, குளிச்சதை மட்டும் சொல்லிடாதக்கா.”