அரை அங்குலம்

உங்கள் ஜீப்பின் பின்சில்லு ஒன்றில் பெயரிங் போயிருக்கிறது. வரும் வழியில் சத்தம் கேட்டது. இடப்பக்கம். இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். வாகனத்தில் பிழை தெரிந்தால் சொல்லிவிடுவது என் வழக்கம்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. பெயர் கணபதி. வயது ஐம்பத்தொன்று. எழுபத்தேழில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம். இரணைமடுச் சந்திக்குச் சற்று முன்னால், ஏ-ஒன்பது வீதியோரம் கராஜ் வைத்திருக்கிறேன்.

கிருசாந்தன் சென்ற வருடம் கனடாவிலிருந்து வந்தார். அவருடைய அப்பப்பா வாங்கிய அமெரிக்கக் கார் ஒன்று வவுனியாவில், உறவினர் ஒருவரின் நெல் களஞ்சியத்தில் கிடந்தது. அறுபத்துநாலாம் ஆண்டுக் கார். எட்டுச் சிலிண்டர். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. முன்பு இருந்ததைவிடப் பெரிய எஞ்சினாக்கித் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

எஞ்சினைப் பெரிதாக்க இரண்டு வழி. சிலிண்டரை அகலமாகக் குடையலாம். அல்லது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டலாம். இதில் குடையச் சுவர் மிச்சமில்லை, துரு தின்றிருந்தது. ஆகவே தூரத்தைக் கூட்டினேன். பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டின் கழுத்துகளில் ஒரு பக்கம் உருக்கு ஒட்டி வளர்த்து, மையத்திலிருந்து கால் அங்குலம் விலக்கிக் கடைய வேண்டும். கால் விலகினால் பிஸ்டனின் ஓட்டத்தில் அரை கூடும். லேத்காரர் மூன்று தடவை மாட்டேன் என்றார். நாலாம் தடவை நான் பக்கத்தில் நின்றேன்.

அரை அங்குலம் கூடியதும் பிஸ்டன் தண்டுகள் எஞ்சின் புளொக்கின் அடிவிளிம்பில் முட்டின. எட்டு இடங்கள். எட்டையும் கையால் அராவினேன். கொஞ்சம் கூடியிருந்தால் தண்ணீர் ஓடும் அறை திறந்திருக்கும். திறக்கவில்லை. பதினான்கு மாதங்கள். முதன்முதல் முடுக்கியபோது மேசையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை தானாக நகர்ந்துபோய் விழுந்தது. வன்னியில் இதை வேறு எவரும் செய்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. தகவலுக்குச் சொல்கிறேன்.

வேலை முடிந்ததும் கிருசாந்தன் கனடாவிலிருந்து மறுபடி வந்தார். பிறகு வீடியோ வந்தது. என் மனைவி ரஜிதாதான் போனைக் கொண்டுவந்து காட்டினாள். கிருசாந்தன் எஞ்சின்மேல் கை வைத்தபடி பேசினார்.

"இது முழுக்க நான் கனடாவில இருந்து பிளான் பண்ணிச் செய்தது. இஞ்ச ஆர் இதைச் செய்யிறது? எங்கட கணபதி எண்டொரு பொடியன் நிக்கிறான், கழுவித் துடைச்சுப் பூட்டித் தந்தவன். பாவம், நல்ல பொடியன்."

"பொடியனாம்," என்றாள் ரஜிதா. "உங்களுக்கு இருபது வயசு இளையவர். விடுங்கோ. சனிக்கிழமை பிளேன் ஏறிடுவார்."

அவர் ஏறிவிடுவார். வீடியோ இருக்கும்.

மறுநாள் அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, கோவிக்காதைங்கோ. உங்கட பேரைச் சொன்னனான்தானே," என்று சிரித்தார். "அதை விடுங்கோ, பிறேக் எப்பிடி?"

"நல்லாயிருக்கு," என்றேன்.

அந்தக் காலத்துக் காரில் நான்கு சில்லுக்கும் சேர்த்து ஒரே பிறேக் குழாய். ஒயிலை அழுத்தும் ரப்பர் ஒன்று, பெருவிரல் அளவு. பழைய ரப்பரில் வெடிப்பு இருந்தது. மெதுவாக மிதித்தால் பிடிக்கும். ஓங்கி மிதித்தால் மடிந்துவிடும், பிறேக் பிடிக்காது. புது ரப்பர் என் மேசை லாச்சியில் இருந்தது. பைக்கற் பிரிக்காமல் நீங்கள் எடுத்தீர்களே, அதுதான்.

இடத்தை நான் யோசித்துத்தான் தெரிந்தெடுத்தேன். இந்த வீதியில் எவரும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டுவதில்லை. எவ்வளவு வேகமாக வந்தாலும் அங்கு நிற்பார்கள். புது எஞ்சினை முதலில் மெதுவாக ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே, இரணைமடுச் சந்திவரை நாற்பதுக்கு மேல் போகக் கூடாது, அதன்பிறகு அக்சிலேற்றரை முழுதாக மிதியுங்கள் என்று கிருசாந்தனிடம் சொன்னேன். சந்திக்கு அப்பால் முதல் தடவையாக ஓங்கிப் பிறேக் போடும் இடம் முறிகண்டியாக இருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் சனம் அதிகம். புதன்கிழமை போகச் சொன்னேன். மற்றவர்களை நான் நினைக்கவில்லை என்று எழுத வேண்டாம்.

புதன் காலை ரொறன்ரோவிலிருந்து போன் வந்திருக்கிறது. கிருசாந்தனின் சித்தப்பா செத்துப்போனார். வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கோடு கோயிலடியில் இறங்கக் கூடாது என்று கூட வந்திருந்த தாயார் விமலேஸ்வரி மறித்துவிட்டார். உறவில்லாத ஒருவர் போய்த் தேங்காய் உடைத்து வரட்டும் என்று சின்னராசாவிடம் காரின் திறப்பைக் கொடுத்தார்கள். ஓட்டோ ஓட்டுகிற சின்னராசா. எனக்கும் பழக்கம். செத்தவீட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவன் என் கராஜ் வாசலில் காரை நிறுத்தினான். மெதுவாக வந்ததால் நின்றது. நான்கு சில்லிலும் தேசிக்காய் நசித்த ஈரம் இருந்தது.

"டேய் கணபதி, உன்ர மனிசியை விட இதைத்தான் நீ கூடக் கட்டிப்பிடிச்சிருக்கிறாய் போல," என்றான். "இந்த உறுமலுக்கு ஒட்டுசுட்டான் யானை எல்லாம் ஊரை விட்டு ஓடிடும்."

நான் சிரித்தேன்.

"அவர் வீடியோவில ஏதும் அளக்கட்டும். ஆர் செய்ததெண்டு எனக்குத் தெரியுமடா. வா, ஏறு. தேங்காயை நீ உடை. அதுதான் முறை."

"வேலை கிடக்கு," என்றேன்.

"அப்ப ஏதும் சொல்ல இருக்கோ?"

சொல்ல நேரம் இருந்தது. அதை மறைக்கவில்லை. சொன்னால் காரைத் தள்ளி உள்ளே விட வேண்டும். ரப்பரைப் பற்றிக் கதை வரும். சனிக்கிழமைக்குள் அந்த எஞ்சின் ஒரு தடவைகூட முழு வேகத்தில் ஓடியிருக்காது.

"சந்தி தாண்டினா மிதி," என்றேன். "பயப்பிடாதை."

வீதியில் நின்று கேட்டேன். சந்திக்கு அப்பால் மிதித்தான். எட்டுச் சிலிண்டரும் ஒன்றுபோல எடுத்தன. ஒரு தட்டல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. சத்தம் காட்டுக்குள் அடங்கும்வரை நின்றேன். பிறகு போய்க் கை கழுவினேன்.

கோயிலடியில் கச்சான் கடலை விற்கிற பெண்கள் ஐந்து பேர் நின்றார்களாம். சின்னராசா அவர்களில் படாமல் காரை வெட்டி மறுபக்கப் பாலை மரத்தில் மோதினான், அங்கேயே உயிர் போய்விட்டது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சரியாக இருக்கும். கியரைக் குறைத்திருந்தால் எஞ்சினே பிடித்து இழுத்திருக்கும். எஞ்சினை அவன் நம்பவில்லை.

வருத்தமில்லையா என்று கேட்டீர்கள். என்னை அண்ணை என்று கூப்பிட்டவர் வெளியில் போய்ப் பொடியன் என்றார். அதற்கு எந்த நிலையத்தில் முறைப்பாடு எடுப்பீர்கள்? இல்லை. வருத்தமில்லை.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியதற்கு நன்றி. ரப்பரைத் தெரிந்துகொண்டே மாற்றாமல் விட்டது நான். நல்லாயிருக்கு என்றது நான். சின்னராசாவை மிதிக்கச் சொன்னதும் நான். எல்லாம் சரி. ஒரே ஓர் இடம் பிழை. எஞ்சினைத் திருத்தியவர் என்று போட்டிருக்கிறீர்கள். திருத்தவில்லை. செய்தேன். அதை வெட்டி எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். கிருசாந்தனும் சாட்சிக்கு வருவார்தானே. நீதிமன்றத்தில் இதைச் சத்தமாகத்தானே வாசிப்பார்கள்?