தட்டச்சில் கூடிய ஒருவர்

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். எல்லாரும் டைப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் இல்லை. போன மாதத்திலிருந்து தங்கை மகள், ஏழு வயது, என்னோடு இருக்கிறாள். இப்போது பக்கத்து வீட்டில் விடப்பட்டிருக்கிறாள். யாராவது மிரட்டினார்களா என்று நடுவர் அவர்கள் கேட்டதற்கு, மிரட்டவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டதால் தண்ணீர் கொடுக்கப்பட்டது. குடித்துவிட்டுச் சொல்கிறேன்.

சென்ற மாதம் பத்தாம் தேதி காலை, வீடிழந்தவர்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தில் முதலுதவி அறையைப் பார்த்துவந்த நர்ஸ் என் கடைக்கு வந்து, கையால் எழுதிய இரண்டு தாள்களைக் கொடுத்தார். "அக்கா, இன்னைக்கே வேணும். வெளிநாட்டுக்குப் போகணும்" என்றார். அது சர்வதேச மன்றத்துக்கு எழுதிய முறையீடு. பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழாதபடி சண்டையிடும் இரண்டு தரப்பையும் தடுக்க வேண்டும், காயம்பட்டவர்களைக் கொண்டுபோகச் சாலையைத் திறந்துவிட வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்ல ஆட்களை அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. நான்காம் தேதி தண்ணீர் வரிசையில் ஷெல் விழுந்து இறந்தவர்கள் 17 என்றும் இருந்தது.

அடிப்பதை நான் வாசிப்பதில்லை என்று போலீசாரிடம் முதலில் சொன்னேன். அது தொழில் பேச்சு. விவாகரத்து மனு கொண்டுவருகிறவர்கள் கூச்சப்படக் கூடாதென்று பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவருவது. வாசிக்காமல் அடிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. அடித்து முடித்ததும் நர்ஸ் அவசரத்தில் திரும்ப வாசிக்காமலே கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனார். என் மேல் அத்தனை நம்பிக்கை. இப்போது அவர் எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதன் பிறகு மூன்று வாரம் கழித்து, அந்த முறையீடு மன்றத்தில் வாசிக்கப்பட்டதாக வானொலியில் கேட்டேன். பதினெட்டுப் பேர் என்றார்கள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள், அதாவது இன்று காலை, போலீசார் கடைக்கு வந்தார்கள். பூட்டுப் போடக்கூட விடவில்லை.

நிலையத்தில் ஆய்வாளர், நர்ஸின் அறையில் எடுத்த, கையால் எழுதிய தாளையும் நான் அடித்த நகலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அம்மா என்று மரியாதையாகவே பேசினார். தேநீர் வரவழைத்தார். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். "இதுல பதினேழு, அதுல பதினெட்டு. ஏழும் எட்டும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைதானே? விரல் வழுக்கிடுச்சுன்னு நடுவர்கிட்ட ஒரு வரி சொல்லிடும்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். கணக்கு தப்பு என்று நானே சொன்னால் கடிதமே பொய் என்று வெளிநாட்டுக்கு எழுதிவிடுவார்கள், அப்புறம் யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் தலையாட்டினேன். இங்கே வரும் வழியெல்லாம் அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்தேன்.

இப்போது நடுவர் அவர்கள் காட்டிய நகலைக் கண்ட பிறகு அந்த வரி வாயில் வரவில்லை. மனுவில் எந்தத் தொகையையும் எண்ணில் அடித்து, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் எழுத்திலும் அடிப்பது எங்கள் வழக்கம். பின்னால் யாரும் திருத்திவிடக் கூடாது என்பதற்காக. நர்ஸ் எழுதியது வெறும் 17. நான் அடித்திருப்பது 18 (பதினெட்டு). ஒரு கட்டையில் விரல் வழுக்கும், ஒரு சொல் முழுக்க வழுக்காது. ஆய்வாளர் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறார்.

பதினெட்டாவது ஆள் என் தங்கை. அதே வரிசையில் வாளியோடு நின்றவள். வயிற்றில் ஷெல் சில்லு பாய்ந்துவிட்டது. சாலை மூடியிருந்ததால் என் வீட்டுக்குத்தான் தூக்கிவந்தார்கள். மூன்று நாளும் தண்ணீர் கேட்டாள். வயிற்றுக் காயத்துக்குக் கொடுக்கக் கூடாதென்று கேள்விப்பட்டிருந்ததால் துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். ஏழாம் தேதி காலை இறந்துபோனாள். நான்காம் தேதி பள்ளிக்கூடத்திலேயே இறந்தவர்களை மட்டுமே நர்ஸ் எண்ணியிருந்தார். மருத்துவர் சான்று இல்லாமல் பதிய முடியாது என்று பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். எந்தத் தாளிலும் அவள் சாகவில்லை. ஆகவே தெரிந்தேதான் அடித்தேன்.

கதவின் கீழிடுக்கில் ஆய்வாளரின் பூட்ஸ் தெரிகிறது. திரும்பும்போது என்னை எந்த வண்டியில் ஏற்றுவார்கள் என்று தெரியவில்லை. "பெரியம்மா, சாயங்காலம் வந்துடுவீங்கல்ல?" என்று காலையில் பக்கத்து வீட்டில் விட்டபோது பிள்ளை கேட்டாள். வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஜனங்கள் இன்றைக்கும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். யாராவது வந்து பார்க்க வேண்டும், தடுக்க வேண்டும் என்று நர்ஸ் கேட்டதை நானும் கேட்கிறேன்.

எழுத்தர் இதை எனக்கு வாசித்துக் காட்டினார். இறந்தவர்கள் தொகையை எண்ணில் மட்டும் எழுதியிருந்தார். பதினெட்டு என்று எழுத்திலும் எழுதச் சொன்னேன், எழுதினார். இதிலுள்ள யாவும் நான் கண்டதும் செய்ததும், யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. கையெழுத்து வழக்கம்போல் இல்லை. ஆனாலும் அது என்னுடையதுதான்.

(ஒப்பம்)