புதுப் புரொசசரின் காய்ச்சல்

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய தம்பதி என் முன்சீட்டில் இருந்தார்கள். கணவரின் மடியில் கொம்பியூட்டர் பெட்டி. ஒழுங்கைகளின் முடிவில் கடல் தெரிந்து தெரிந்து மறைந்தது.

“இதுக்குக் காய்ச்சலப்பா,” என்றார் மனைவி.

“புதுப் புரொசசர், புதுக் கூலர். பேனும் சுத்துது. பிறகேன் கொதிச்சு நிக்குது?” என்றார் கணவர்.

“நாளைக்கு ஒன்லைன் இன்டர்வியூ நடுவில இது நிண்டால் அந்த வேலை எனக்கில்லை,” என்றார் மனைவி.

“புரொசசரின்ர சூடு நேரா கூலருக்கு ஏறோணுமாம். கவனமாத்தான் பூட்டினனான். கீறல் விழுமெண்டு கூலரின்ர அடியில ஒட்டியிருந்த பொலித்தீனைக்கூட உரிக்கேல்லை.”

“அது நல்லதுதானே. எங்கட செற்றியும் பொலித்தீனோடதான் இண்டைக்கும் புதுசா இருக்கு.”

பஸ் நின்றது. காற்றும் நின்றது.

“ஆனா இஞ்சருங்கோ, அந்தச் செற்றியில இருந்தா ஏன் முதுகெல்லாம் இப்பிடி வேர்க்குது?”

கணவர் குனிந்து, பெட்டியின் துளைகளுக்குள் பார்த்தார்.