கதவைச் சாத்திய டொரீன் ஹவ்ரிலுக்

இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகரத் தலைவர் திருமதி பிலொடோ அவர்களே! அருகில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை சோசின் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் டொரீனின் மகள் லாரல் அவர்களே! வாசலில் வைத்திருந்த சோப்பைத் தேய்த்துக் கைகழுவிவிட்டு உள்ளே வந்திருக்கும் பெரியோர்களே! கழுவாமலே நழுவி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் நண்பர்களே! உங்கள் முகங்கள் எனக்கு இங்கிருந்தே தெரிகின்றன. எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் கிளிஃப் டெர்க்சன். இந்தக் கர்லிங் கிளப்பின் அடுப்படி என் பொறுப்பு. மேடைப்பேச்சு எனக்குப் பழக்கமில்லை. முட்டைக்கோஸ் சுருளுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு இறைச்சி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனாலும் இன்றைக்குப் பேச வேண்டியவன் நான்தான். ஏனென்றால் ஒரு காலத்தில் இந்த ஊரே என் சமையலைத் தூக்கில் போடப் பார்த்தது. அன்றைக்கு எனக்காக நின்றவர் ஒரே ஒருவர்!

மறைந்துவிட்டார் அந்த டொரீன் ஹவ்ரிலுக்! நம் கெஸ்லர் க்ரீக் ஊரின் பொதுச் சுகாதாரச் செவிலியர்! நம்மில் பாதிப்பேருக்கு ஊசி போட்டவர். ஊசிக்குப் பயந்து ஓடிய மீதிப்பேரைத் துரத்திப் பிடித்துப் போட்டவர்! யாரையும் கொஞ்சிப் பேசாதவர். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் நம் நகங்களைப் பார்ப்பவர். அவர் இல்லாத ஊரில் நாம் இனி எப்படித்தான் இருக்கப் போகிறோம்?

பல வருடங்களுக்கு முந்தைய அந்தப் பிப்ரவரிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு, அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே ஓடும் நம் ஆட்டத்தைப் பார்த்து உலகமே சிரிக்கும். சிரிக்கட்டும். சுற்று வட்டாரத்து அணிகளெல்லாம் இங்கே வந்திருந்தன. மறுநாள் புயல் வந்தது. சன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த வண்டிகள்கூடத் தெரியவில்லை. சாலையை மூடிவிட்டார்கள். எந்தப் பக்கம் திறந்தாலும் பனி இடுப்பு உயரத்துக்கு நின்றது. இந்தக் கூரைக்குக் கீழே அத்தனை பேர்! இரண்டே கழிப்பறைகள்! போக ஒரே ஒரு வழிதான் மிச்சம். அதோ, அந்த மூடிய நடைவழி. அதன் கடைசியில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லம்.

அன்று காலை நான்காவது ஆடுதளத்தின் ஓரத்தில் ஹார்லன் ஊர் கார்டன் ப்ளென் குனிந்தார். கல்லைக் குறிபார்க்கிறார் என்று நினைத்தோம். வாந்தி எடுத்தார். மதியத்துக்குள் இன்னும் ஆறேழு பேர். மாலைக்குள் இரண்டு கழிப்பறைகளின் முன்னாலும் வரிசை; வரிசையில் நின்றவர்கள் கையில் வாளி. அந்த நாற்றத்தை மறந்தவர்கள் இங்கே யாராவது உண்டா?

பிறகு எல்லாக் கண்களும் என் அடுப்படிப் பக்கம் திரும்பின. ரஸ் கொவல் எழுந்து நின்றார். இன்று மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

"யோவ் கிளிஃப்! அந்தச் சுருள்ல என்னய்யா போட்ட? போன வருஷத்து மாட்டையா?"

"நீ நாலு தின்னியே, அப்ப தெரியலையா?" என்றேன் நான்.

"தின்னதாலதான்யா கேக்குறேன்!"

கூட்டம் என் பக்கம் நகர்ந்தது. கரண்டியோடு நான் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு நாற்காலி மேல் ஏறினார் டொரீன்.

"எல்லாரும் வாய மூடுங்க. சுருள் சாப்பிட்டவங்க கையத் தூக்குங்க." அநேகமாக எல்லாக் கைகளும் உயர்ந்தன. "சாப்பிட்டும் நல்லா இருக்கிறவங்க மட்டும் தூக்குங்க." அப்போதும் பாதிக்கு மேல் உயர்ந்தபடியே நின்றன. "சாப்பிடாமலே வாந்தி எடுத்தவங்க?"

கழிப்பறைப் பக்கமிருந்து ஒரு கை மெதுவாக எழுந்தது. அருட்தந்தை சோசின்! வீட்டிலிருந்து கொண்டுவந்த அவித்த முட்டையைத் தவிர அவர் எதையும் தொடவில்லை.

"ஃபாதர், கடைசியா யார்கூட ஆடினீங்க?"

"ஹார்லன் ஊரோடம்மா. கார்டன் ப்ளென்னோட."

"ஆடி முடிச்சு கை குடுத்தீங்களா?"

"கை குடுக்காம வருவேனா?"

அதுதான் நம் மரபு! ஆட்டத்துக்கு முன்னால் எதிரணியில் ஒவ்வொருவரோடும் கைகுலுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் மறுபடி குலுக்க வேண்டும். பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்து ஜெயித்தவர் தோற்றவருக்குப் பீர் வாங்கித்தர, ஒரே தட்டிலிருந்து கடலை எடுத்துக் கொறிக்க வேண்டும். இதைவிட நல்ல மரபு உலகத்தில் உண்டா? அந்த வைரஸுக்கு இதைவிட நல்ல வழி உலகத்தில் உண்டா? டொரீன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். ஹார்லனோடு ஆடியவர்கள் விழுந்திருந்தார்கள். பிறகு அவர்களோடு ஆடியவர்கள் விழுந்திருந்தார்கள். என் சுருள் விடுதலையானது!

"வயித்து ஃப்ளூவா?" என்று யாரோ கேட்டார். டொரீனுக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

"ஃப்ளூவும் இல்ல, மண்ணும் இல்ல! இது நோரோ வைரஸ். வாந்தியில வரும், பேதியில வரும். கண்ணுக்கே தெரியாத துளி போதும். கழிப்பறைக் குழாய்ல இருக்கும், கதவுக் கைப்பிடியில இருக்கும், உங்க கையில இருக்கும். அந்தக் கையால கடலையை எடுத்து வாயில போடுவீங்க. அவ்வளவுதான்."

"நாங்கதான் ஜெல் தடவிக்கிட்டோமே!" என்றார் ரஸ். மேசைக்கு மேசை கிருமிநாசினி ஜெல் புட்டி வைத்திருந்த கிளப் நம்முடையது. அதில் நமக்கு எவ்வளவு பெருமை!

"அந்த ஜெல்லுக்கு இது அவ்வளவு சுலபமா சாகாது ரஸ். சோப்பு வேணும், ஓடுற தண்ணி வேணும், விரலிடுக்கெல்லாம் தேய்க்கணும். வாந்தி எடுத்த இடத்துக்கு பிளீச் வேணும். கிளிஃப், உன் அடுப்படியில பிளீச் இருக்கா?"

இருந்தது. மண்டியிட்டு முதலில் துடைத்தவர் யார்? செவிலியர் டொரீன் ஹவ்ரிலுக்! பக்கத்தில் இன்னொரு துணியோடு நானும் மண்டியிட்டேன்.

சிரிக்கவும் ஒன்று நடந்தது. வெளியே போக முடியாமல் அடைபட்ட மனிதர்கள் வேறு என்ன செய்வார்கள்? நன்றாக இருந்தவர்கள் மறுபடி ஆட இறங்கினார்கள். டொரீனின் பேச்சை முதல் வரிசையில் நின்று, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்ட ஏப் வீபும் ரஸ் கொவலும் ஆடி முடித்தார்கள். முடித்தவுடன் அவர் கண்ணெதிரிலேயே கையை நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள்!

"உங்க ரெண்டு பேருக்கும் மூளைக்குப் பதிலா ஆண்டவன் நம்ம ஆட்டக் கல்லையா வச்சிருக்கான்?" என்று டொரீன் போட்ட சத்தம், புயலைத் தாண்டியும் கேட்டிருக்கும்.

"பழக்கதோஷம் டொரீன்," என்றார் ஏப். ரஸ் மறுநாள் சாயங்காலமே வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதைச் சொல்வதில் எனக்குள்ள சந்தோஷத்தை மன்னியுங்கள்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. படுக்க இடமில்லை. கோட்டுகளை விரித்துத் தரையில் கிடந்தோம். ஒருவர் எழுந்து ஓடினால் எல்லோரும் விழித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் காற்று விடாமல் ஊளையிட்டது. மூச்சு முட்டியது. பூட்டி வைத்ததுபோல் இருந்தது என்று சொல்ல வந்தேன். பூட்டித்தானே இருந்தது! நடைவழிக் கதவைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் டொரீன்.

"அந்தப் பக்கம் காலி ரூம் இருக்கு, கட்டில் இருக்கு, குளியலறை இருக்கு. நாங்க இங்க சாகணுமா?" என்று கூட்டம் அவரைச் சூழ்ந்தது.

"நீங்க சாக மாட்டீங்க. ரெண்டு நாள் படுத்து எந்திரிப்பீங்க. அந்தப் பக்கம் இருக்கிறவங்க எந்திரிக்க மாட்டாங்க," என்றார் டொரீன்.

"உன் புருஷன் அங்க இருக்கான். அதான் உனக்கு இவ்வளவு அக்கறை!" என்று கத்தினார் ரஸ்.

அது உண்மைதான். நெஸ்டர் ஹவ்ரிலுக் அந்தப் பக்கம் இருந்தார். நம் அணித்தலைவர் நெஸ்டர்! பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது, இதயமும் தளர்ந்திருந்தது. அவர் எதிர்முனையில் நின்று கைகாட்ட, அதைப் பார்த்துப் பார்த்துத் துடைப்பம் போட்டு ஓடியவர் டொரீன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். தினமும் மாலை அந்த நடைவழியில் போய் அவருக்குச் சூப் ஊட்டிவிட்டு வருவார்.

இரண்டாம் நாள் டொரீனும் விழுந்தார். எங்கள் வாளிகளைச் சுமந்தவர் விழாமல் இருப்பாரா? மறுநாள் காலை வாந்தி நின்றது, எழுந்து உட்கார்ந்தார். நான் கொடுத்த கஞ்சியைக் குடித்தார். அன்று மதியம் இல்லத்திலிருந்து தொலைபேசி வந்தது. பணிப்பெண் ரூபி பேசினார். நெஸ்டருக்கு மூச்சு வாங்குகிறது, புயலில் ஆம்புலன்ஸ் வராது, உடனே வாருங்கள் என்றார்.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சொல்லுங்கள்!

முதலில் வந்து நின்றவர் ரஸ். "போம்மா. உனக்குத்தான் சரியாயிடுச்சே. நாங்க யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டோம்."

"சரியாயிடுச்சு ரஸ். அதான் பிரச்சினையே," என்றார் டொரீன். "வாந்தி நின்னாலும் அது நின்னுடாது. ரெண்டு நாளாவது வெளிய போகக் கூடாதுன்னு உங்க எல்லாரையும் இங்க அடைச்சு வச்சிருக்கேன். என் உடம்புக்கு மட்டும் வேற வைரஸா?"

இருந்தாலும் எழுந்து நடந்தார். விழுந்துவிடுவாரோ என்று பின்னாலேயே நானும் போனேன். நடைவழிக் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. ரூபி நெஸ்டரைச் சக்கர நாற்காலியில் வைத்து அந்தப் பக்கம் கொண்டுவந்திருந்தார். டொரீன் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினார். கண்ணாடி வழியே கணவருக்குக் காட்டினார். சொல்லட்டுமா? அந்த நொடியில் அவர் கதவைத் திறந்துவிட வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

நெஸ்டர் தன் நல்ல கையை உயர்த்தினார். உள்ளங்கையை விரித்து நேராக நீட்டினார்.

நம் ஆட்டக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும். துடைப்பம் போடுவதை நிறுத்து, கல் தானாக வந்து சேரும், விடு. ஆயிரம் ஆட்டத்தில் அவர் டொரீனுக்குக் காட்டிய கை அது. டொரீன் சாவியை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். சாலை திறப்பதற்கு முன்பே நெஸ்டர் போய்விட்டார்.

இல்லத்தில் ஒருவருக்குக்கூட வாந்தி இல்லை. ஒருவருக்குக்கூட! அந்த முதியவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்!

ஆனால் டொரீனுக்கு? லாரல், உங்கள் அனுமதியோடு சொல்கிறேன். "அப்பாவத் தனியா சாக விட்டுட்டீங்களே" என்று சொல்லிவிட்டுக் கல்கரி நகரத்துக்குப் போன நீங்கள், பல வருடம் அம்மாவோடு பேசவில்லை. ஒருநாள் என் அடுப்படியில் அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது நான் அவரிடமே கேட்டேன். "வருத்தமா இருக்கா டொரீன்?"

"தினமும் இருக்கு கிளிஃப். மறுபடி நடந்தாலும் சாத்தத்தான் சாத்துவேன். ரெண்டும் ஒண்ணாவே இருக்கு. வெளிய வர வழியில்ல," என்றார். வெங்காயத்தைத் தொடர்ந்து அரிந்தார்.

நாமெல்லாம் சாலை திறந்ததும் வீட்டுக்குப் போய்விட்டோம். அவர் மட்டும் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்!

சென்ற வாரம்தான் அவர் அந்தப் பக்கம் போனார் என்று சொல்வேன். இல்லத்தின் கட்டிலில் டொரீன் இறுதி நாட்களில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் தொடங்கி ஊரில் மறுபடி அந்த வைரஸ் நடமாடிக்கொண்டிருந்தது. செய்தி கேட்டு லாரல் கல்கரியிலிருந்து வண்டியோட்டி வந்தார். வாசலில் ரூபி வழக்கமான கேள்வியைக் கேட்டார். "உடம்பு நல்லா இருக்காம்மா?"

ஒரு பொய் போதும், லாரல் உள்ளே வந்திருப்பார். யாருக்குத் தெரியும்?

"பையனுக்கு இருந்துச்சு. எனக்கு நேத்துவரைக்கும் வாந்தி," என்றார் லாரல்.

நான் அப்போது உள்ளே இருந்தேன். சூப் கொண்டுபோயிருந்தேன். "என்னைக் கதவுகிட்டக் கொண்டுபோ" என்றார் டொரீன். லாரலைக் கிளப் வழியாக அங்கே வரச் சொன்னார் ரூபி. அதேபோல ஒரு சக்கர நாற்காலி, அதே நடைவழி, அதே கண்ணாடிச் சதுரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள், முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதுகொண்டு நின்றார். "அம்மா, வரட்டுமா?" என்று கேட்டது உதட்டசைவில் தெரிந்தது. டொரீன் கையை உயர்த்தினார். உள்ளங்கையை விரித்து நேராக நீட்டினார். லாரலும் இந்தப் பனித்தரையில் வளர்ந்த பெண்தானே! அழுகைக்கு நடுவில் தலையை ஆட்டினார்.

"இப்பப் புரியுது கிளிஃப்," என்றார் டொரீன் என்னிடம். "இந்தப் பக்கம் இருந்து பாத்தா பயமா இல்ல. அவர் பயப்படல."

அன்பர்களே! இப்படிப்பட்டவருக்கு நாம் என்ன கைம்மாறு செய்யப் போகிறோம்? கல்வெட்டு வைக்கலாம், கோப்பைக்கு அவர் பெயர் வைக்கலாம், வைப்போம். ஆனால் இந்த அரங்கில் இனி ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்காமல் துடைப்பத்தோடு துடைப்பம் தட்டிக்கொள்வோம். உடம்பு சரியில்லாதவன் வீட்டில் கிடப்பான்; சரியானவனும் இரண்டு நாள் கிடப்பான். அந்தக் கதவைச் சாத்த வேண்டிய நாளில் நம்மில் யாராவது ஒருவர் சாத்துவார். அன்றைக்குச் சாவி என் கழுத்தில் இருந்தால், ரஸ், நீ எவ்வளவு கத்தினாலும் திறக்க மாட்டேன்!

கடைசியாக ஒன்று. லாரல், இப்போது நாங்கள் எல்லோரும் வரிசையாக வந்து உங்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல வேண்டும். அதுதான் முறை. எனக்கு அந்த ஆசை நெஞ்சு முட்ட இருக்கிறது. ஆனால் ஊரில் அது இன்னும் போகவில்லை. பின்னால் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், இந்த நிமிடமும் நம் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கையை உயர்த்துங்கள். உள்ளங்கையை விரித்து லாரல் பக்கம் காட்டுங்கள். ரஸ், நீயும்தான்.

பார்த்தீர்களா லாரல்? இத்தனை கைகள். ஒன்றுகூட உங்களைத் தொடாது.