மேற்கேருந்து, லேசா

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம் சார். விமானப் பொறியியல் படித்துவிட்டு இரண்டு வருடமாக ரேடியோவில் நான் அந்த வேலையைத்தான் பார்த்தேன். அப்பா பீங்கான் சூளையில் மண் சுமக்கிறவர். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். விருத்தாசலத்துக்கு வெளியே இருக்கும் அந்தப் பயிற்சிப் பள்ளியில் வருடத்துக்கு ஒருவருக்கு இலவசமாக விமானம் ஓட்டக் கற்றுத்தருவார்கள். அடுத்தது நீதான் என்று பயிற்சியாளர் சேரன் சார் சொல்லியிருந்தார்.

பிறகு ஆன் மேரி வந்தாள். மங்கலம்பேட்டைக்காரி, பி.காம்.

"அந்தப் புள்ளைக்குக் காலு தானா பேசுது. நீ படிச்ச பொண்ணு, ரேடியோவப் பாத்துக்கம்மா" என்று சொல்லி அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டார் சேரன் சார்.

எங்களுடையது வாலில் குட்டிச் சக்கரம் வைத்த பழைய விமானம். இறங்கி ஓடும்போது பெடலை மிதித்து மிதித்துத்தான் வாலை நேராக வைத்திருக்க வேண்டும். பின்னாலிருந்து காற்று தள்ளினால் வால் முந்திக்கொள்ளப் பார்க்கும், விமானம் சுற்றிக் கவிழும். அதனால் எப்போதும் காற்றை எதிர்த்தே இறங்குவார்கள்.

அவள் கெட்டவள் இல்லை. ஒருநாள் தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்குப் பாதி எடுத்து வைத்துக்கொண்டே, "லைசென்ஸ் வரட்டும்க்கா, மொதல்ல உன்னத்தான் ஏத்திக்கிட்டுப் போவேன்" என்றாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

மாசி மகத்தன்று அவள் புதுச்சேரி வரை தனியாகப் போய்த் திரும்ப வேண்டும். கடைசிச் சோதனை அது. எங்கள் ஊர் வானத்தில் வருகிறவர்கள் சூளைப் புகை சாய்வதைப் பார்த்தே காற்றைத் தெரிந்துகொள்வார்கள். மகத்துக்குச் சூளை எரியாது. அவளை அனுப்பிவிட்டு சேரன் சார் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். கம்பத்தில் காற்றுத்திசை காட்டும் துணிக்குழாயைத் தைப்பதற்காக நான் இறக்கி வைத்திருந்தேன். அது கிழிந்திருந்ததும் உண்மைதான்.

மதியம் கிழக்கிலிருந்து நல்ல காற்று. திரும்பி வந்தவள் ரேடியோவில் கூப்பிட்டாள்.

"காத்து எப்படிக்கா?"

"மேற்கேருந்து, லேசா."

"நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன். வா."

மேற்கு நோக்கி இறங்கினாள். சக்கரம் தரையைத் தொட்டும் வேகம் குறையவில்லை. பாதி ஓடுதளத்தில் வால் சுற்றிக்கொண்டது; இறக்கை மண்ணில் குத்தி விமானம் குப்புற விழுந்தது. நான் ஓடவில்லை, நடந்துதான் போனேன். பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் என்னக்கா தப்புப் பண்ணேன்?"

"காலு லேட்டாயிடுச்சு" என்றேன்.

அதை நம்பி அழுதாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. ரேடியோப் பேச்சைப் பதிவு செய்கிற வசதி அங்கே கிடையாது. அவளுடைய இடத்தை எனக்கே கொடுத்து, போன வாரம் பயிற்சியும் ஆரம்பித்துவிட்டார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

ஆனால் உங்கள் விசாரணை அறிக்கையின் முதல் பக்கத்தில் 'விமானியின் பிழை' என்று போட்டிருக்கிறீர்கள். பிழை அவளுடையது இல்லை. தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன், என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். விமானி என்பதை மட்டும் அடித்துவிடுங்கள் சார். அவள் இன்னும் லைசென்ஸ் வாங்கவில்லை.