உப்புக்குப் பெறாதவன்

மேசை விளக்கைத் திருப்பி வைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. கண்ணைக் குத்தவில்லை. அதன் பேட்டரி எங்கள் ஆய்வகத்தில் செய்தது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது.

சோடியம் பேட்டரிக்குக் கரி சுடுவது என் வேலை. சோடியம் வேறொன்றுமில்லை, உப்பில் இருக்கிற சரக்குதான். ஆள் கொஞ்சம் பருமன். பென்சில் கரிபோல அடுக்கடுக்காக ஒழுங்காக இருந்தால் உள்ளே நுழையாது. இண்டும் இடுக்குமாக, தாறுமாறான கரி வேண்டும். மரத்தூளைக் காற்றுப் படாமல் உலையில் சுட்டுப் பார்த்தேன். நூறு தடவை சார்ஜ் ஏற்றுவதற்குள் பேட்டரி படுத்துவிடும்.

"இன்னும் ஒரு தடவை பாருங்க பெரியவரே. தேறலன்னா உலைய மூடிடலாம். நீங்களும் வீட்ல நிம்மதியா இருக்கலாம்" என்றார் விஞ்ஞானி அம்மா.

வீட்டில் என் மச்சான் இருந்தான். மனைவியின் தம்பி. பதினெட்டு வருடமாக என் நாற்காலியில். உப்புக்குப் பெறாதவன் என்று எல்லாரும் சொல்வார்கள், நான் சொன்னதில்லை. உப்புக்கு எது பெறும் என்பது தொழில் தெரிந்தவனுக்குத்தான் தெரியும்.

அன்று மனைவி அவனிடம் எனக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். டப்பா காலியாக வந்தது.

"வழியில பசிச்சுது மாமா."

"பரவாயில்லடா, உக்காரு."

"படுத்துக்கட்டுமா?"

உலைக்குப் பக்கத்தில் படுத்தான். பிறகு எழவில்லை. அதற்கு நான்தான் காரணம், எழுதிக்கொள்ளுங்கள். உலை சின்னது, ஏழு தடவை சுட வேண்டியிருந்தது. சாம்பல் போக அமிலத்தில் அலசினேன். வேலையில் குறை வைக்கவில்லை.

கரி அருமை. பிறந்ததிலிருந்து எதிலும் ஒழுங்கில்லாதவன் அல்லவா? ஆயிரம் தடவை ஏற்றி இறக்கியும் அசரவில்லை.

"அப்படி என்னத்தப் போட்டீங்க?" என்றார் அம்மா.

"வீட்ல சும்மா கிடந்ததும்மா."

உலை பிழைத்தது. அந்தக் கரியில் இரண்டு விளக்குகள் செய்தோம். ஒன்றை மாதிரிக்கு உங்கள் நிலையத்துக்குத் தந்தோம். மற்றது என் வீட்டில். பொழுது சாய்ந்ததும் மனைவி அதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "தம்பி இருட்டுல வந்தா தடுக்கி விழுவான்" என்கிறாள். அவனைக் காணோமென்று புகார் கொடுத்ததும் அவள்தானே.

பக்குவமாகச் சொல்லுங்கள், ஐயா. தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது, ஒரு நாள்கூட லீவு போடுவதில்லை என்று. சந்தோஷப்படுவாள்.